'டூ த நீட்ஃபுல்' எழுதலாமா? யாருக்கு எந்த ஆங்கிலத் தொடர்?

நம்மில் பலர் ஆங்கிலத்தில் முதன்முதலாக எழுதிய கடிதம் லீவ் லெட்டர்தான். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பித்து 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்று முடிப்போம். அதில் ஒரு சொல்லைக்கூட நாமாகத் தேர்ந்தெடுத்ததில்லை. பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள், எழுதினோம். வேலைக்குப் போன பிறகும் அந்தப் பழக்கம் விடுவதில்லை. மூத்தவர் யாரோ எப்போதோ அனுப்பிய மெயிலைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டு, 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல் அண்ட் ரிவெர்ட் பேக் அட் தி எர்லியஸ்ட்' என்ற வரியை அப்படியே அனுப்பிவிடுகிறோம்.

நான் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், அதாவது துணி ஆர்டர்களை எடுத்துச் சரக்கு கிளம்பும்வரை கவனிக்கும் வேலை. ஜெர்மனியில் இருக்கும் பையர் (சரக்கை வாங்குபவர்), அமெரிக்காவில் இருக்கும் பையர், தூத்துக்குடியில் இருக்கும் கஸ்டம்ஸ் ஏஜென்ட், பக்கத்துத் தெரு வங்கி என்று ஒரே நாளில் நாலு பேருக்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். ஒரு தொடர் சரியா, தவறா என்று கேட்பதற்கு முன்னால், அதைப் படிக்கப்போவது யார் என்று கேட்க வேண்டும் என்பதை இந்த வேலைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. சில தொடர்கள் எங்கே எழுதினாலும் தவறு. சில, இந்தியாவுக்குள் முழுக்கச் சரி, கடல் தாண்டினால் பொருளே மாறிவிடும். இன்னும் சில எங்கே போனாலும் புரியும், கொஞ்சம் பழசாகத் தெரியும், அவ்வளவுதான். இந்த மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டி 'இந்தியர்கள் செய்யும் ஆங்கிலப் பிழைகள்' என்று பட்டியல் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பொருள் மாறும் தொடர்களில் எனக்கு அதிகம் வலித்தது 'ரிவெர்ட்'. நமக்கு 'ஐ வில் ரிவெர்ட்' என்றால் 'பதில் சொல்கிறேன்'. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்குப் பழைய நிலைக்குத் திரும்பிப் போவது என்று பொருள். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு டி-ஷர்ட் ஆர்டரில் பையர் நேவி வேண்டாம், கொஞ்சம் வெளிர் நீலம் வேண்டும் என்று மாற்றிக் கேட்டிருந்தார். லேப் டிப் (சாயம் போட்ட மாதிரித் துணித்துண்டு) பார்த்து அவரே அப்ரூவும் செய்துவிட்டார். சாயப்பட்டறையில் எப்போது எடுப்பார்கள் என்று விசாரித்துச் சொல்லலாம் என்று 'வி வில் ரிவெர்ட் ஆன் த கலர் டுமாரோ' என்று எழுதினேன். மறுநாள் காலையில் மெயிலைத் திறந்தால், 'புது நிறத்தைத்தானே அப்ரூவ் செய்தோம், எதற்காகப் பழைய நிறத்துக்குப் போகிறீர்கள்?' என்று கேட்டிருந்தார். அவர் படித்தது சரி. நான் எழுதியதற்கு அவருடைய ஊரில் அதுதான் பொருள்.

அதற்கு மாற்றாக எதை எழுதலாம்? 'ஐ வில் ரிப்ளை டுமாரோ' என்றால் மெயிலுக்குப் பதில் வரும் என்று மட்டும் தெரியும். 'ஐ வில் கெட் பேக் டு யூ' என்பதில் விசாரித்துவிட்டுச் சொல்கிறேன் என்ற குறிப்பு இருக்கிறது. கொஞ்சம் பேச்சு வழக்கு, ஆனாலும் வியாபாரக் கடிதத்தில் யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். 'ஐ வில் லெட் யூ நோ' இதைவிட இலகுவானது. இந்த மூன்றையும்விட நான் இப்போது விரும்பி எழுதுவது, செய்யப்போகும் வேலையையே வினைச்சொல்லாக வைப்பது: 'ஐ வில் கன்ஃபர்ம் த டையிங் டேட் டுமாரோ'. அன்றைக்கு இப்படி எழுதியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்காது.

அதே சமயம், 'ரிவெர்ட்' என்பதைப் பிழை என்று அடிக்க வேண்டியதில்லை. பதில் சொல்வது என்ற பொருளையும் ஆக்ஸ்ஃபோர்ட் மாணவர் அகராதி இந்திய ஆங்கிலம் என்று குறித்துச் சேர்த்திருக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும்கூட இப்படித்தான் எழுதுகிறார்கள். மும்பை ஷிப்பிங் கம்பெனிக்கோ சிங்கப்பூர் ஏஜென்ட்டுக்கோ எழுதும்போது தாராளமாக எழுதலாம். 'ரிவெர்ட் பேக்' மட்டும் எங்கேயும் வேண்டாம். திரும்புவது 'ரிவெர்ட்' என்பதிலேயே இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்', 'ரிபீட் அகெய்ன்' எல்லாம் நம் 'நடு சென்டர்' போலத்தான்.

அடுத்தது 'டவுட்'. இதில் தமிழின் கைவண்ணம் இருக்கிறது. நமக்குச் சந்தேகம் என்ற ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 'சந்தேகம் இருந்தால் கேளுங்கள்' என்று ஆசிரியர் சொல்லும்போது, புரியாததைக் கேட்கச் சொல்கிறார். 'அவன் மேல் சந்தேகம்' என்றால் நம்பவில்லை. ஆங்கிலத்து 'டவுட்' பெரும்பாலும் இரண்டாவது வேலையை மட்டும்தான் செய்யும். 'வி ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் மெஷர்மென்ட் சார்ட்' என்று எழுதினால், உங்கள் அளவுகள் மேல் எங்களுக்கு நம்பிக்கை இல்லை என்று பையர் எடுத்துக்கொள்வார். நாம் கேட்க நினைத்ததோ, கை அளவைத் தோளிலிருந்து எடுப்பதா, கழுத்திலிருந்து எடுப்பதா என்பது மட்டும்தான்.

இதற்கு 'கொஸ்டின்', 'குவெரி', 'கிளாரிஃபிகேஷன்' என்று மூன்று மாற்றுகள் உண்டு. 'கிளாரிஃபிகேஷன்' கேட்டால், நீங்கள் தெளிவாக எழுதவில்லை என்ற குற்றச்சாட்டு லேசாக ஒட்டிக்கொள்ளும். 'குவெரி' பெயர்ச்சொல்லாக இருக்கும்வரை பரவாயில்லை. அதையே வினையாக்கி 'வி குவெரி த இன்வாய்ஸ்' என்று எழுதினால் பில் சரிதானா என்று சந்தேகப்படுகிறோம் என்றாகிவிடும். 'வி ஹேவ் எ கொஸ்டின் அபவுட் த ஸ்லீவ் லெங்த்' என்பதில் எந்தத் தொல்லையும் இல்லை. என் தேர்வு அதுதான்.

பயோடேட்டாவில் வரும் 'பாஸ்டு அவுட்' பற்றியும் சொல்ல வேண்டும். வேலை கேட்டு வரும் பிள்ளைகள் 'ஐ பாஸ்டு அவுட் இன் 2019' என்று எழுதுகிறார்கள். அது எங்கிருந்தோ முளைத்த தொடர் இல்லை. பயிற்சி முடிந்து வெளியேறுவதைக் குறிக்கும் பிரிட்டிஷ் ராணுவ வழக்கு அது. சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் இன்றைக்கும் நடக்கிற அணிவகுப்புக்குப் பெயர் 'பாஸிங் அவுட் பரேடு'. ஆனால் ராணுவத்துக்கு வெளியே 'பாஸ்டு அவுட்' என்றால் மயங்கி விழுந்தார் என்று பொருள். உள்ளூர் கம்பெனிக்கு அனுப்பும்போது யாருக்கும் குழப்பம் வராது. வெளிநாட்டுக் கம்பெனி என்றால் 'கிராஜுவேட்டட் இன் 2019' என்று எழுதுங்கள். இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பள்ளிப்படிப்பை முடிப்பதையும் அமெரிக்கர்கள் 'கிராஜுவேட்டட்' என்பார்கள். பிரிட்டனில் அது பட்டப்படிப்புக்கே உரிய சொல். பாலிடெக்னிக்கோ ஐடிஐயோ படித்தவர்கள் 'கம்ப்ளீட்டட் எ டிப்ளமோ' என்று எழுதினால் இரண்டு நாட்டுக்கும் பொருந்தும்.

பழசாகத் தெரியும் தொடர்கள்

இப்போது 'டூ த நீட்ஃபுல்'. இதைக் கேலி செய்பவர்கள் நிறையப் பேர். அது நாம் கண்டுபிடித்த தொடர் இல்லை. ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்களே வியாபாரக் கடிதங்களிலும் அரசுக் கடிதங்களிலும் சகஜமாக எழுதியதுதான். பின்னால் அவர்கள் அந்த நடையைக் கைவிட்டார்கள். அரசு ஊழியர்கள் எளிமையாக எழுத வேண்டும் என்பதற்காகப் பிரிட்டிஷ் நிதித்துறை கேட்டுக்கொண்டு சர் எர்னஸ்ட் கவர்ஸ் 'ப்ளெயின் வேர்ட்ஸ்' என்ற நூலை எழுதியது 1948-ல். அப்போது நமக்குச் சுதந்திரம் வந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே நடையைத் திருத்திக்கொண்டிருந்தபோது, இங்கே பழைய கோப்புகளே மாதிரிக் கடிதங்களாக இருந்தன.

தமிழிலும் இதற்கு அச்சாக ஒரு தொடர் இருக்கிறது: 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்'. தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதும் யாரும் இதைத் தவறு என்று சொல்ல மாட்டார்கள். அந்த மேசையில் இருப்பவருக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். நாம் பட்டியல் போட்டுச் சொன்னால் அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது போல் ஆகிவிடும். அதனால் வங்கிக்கும் அரசு அலுவலகத்துக்கும் எழுதும்போது நான் 'டூ த நீட்ஃபுல்' என்பதை மனசாரவே எழுதுகிறேன். வெளிநாட்டு பையருக்கு எழுதும்போது விட்டுவிடுகிறேன். காரணம் இலக்கணம் இல்லை, என்ன செய்ய வேண்டும் என்பது அந்த வரியில் இல்லாததுதான். 'ப்ளீஸ் சைன் தி அட்டாச்டு ஃபார்ம் அண்ட் ஈமெயில் இட் டு அஸ் பை மண்டே' என்று எழுதினால் திங்கட்கிழமை ஃபார்ம் வந்துவிடும். 'நீட்ஃபுல்' என்று எழுதினால் எந்த ஃபார்ம் என்று கேட்டு ஒரு மெயில்தான் வரும்.

'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதும் வெள்ளைக்காரர் காலத்தின் மிச்சம்தான். அதிகாரி பணியில் இருந்த ஊருக்கு அப்போது ஸ்டேஷன் என்று பெயர். வெளிநாட்டவருக்கு 'அவுட் ஆஃப் டவுன்' அல்லது 'டிராவலிங்' போதும்.

'கைண்ட்லி' விஷயத்தில் நான் முன்பு பிடிவாதமாக இருந்தேன். 'ப்ளீஸ்' என்பதைவிட அதில் மரியாதை கூடுதல் என்று நமக்குத் தோன்றும். ஆனால் பிரிட்டிஷ்காரர் காதில் 'கைண்ட்லி' சில சமயம் கண்டிப்பாக ஒலிக்கும், பொறுமை இழந்தவர் சொல்வது மாதிரி. மோசடி மெயில்களில் அடிக்கடி பார்த்ததால் அமெரிக்கர்களில் பலருக்கு அந்தச் சொல்லைப் பார்த்தாலே ஒரு எச்சரிக்கை வந்துவிடுகிறது. பணம் அனுப்பச் சொல்லி எழுதும் மெயிலில் அந்த உணர்வு வருவது நமக்கு நல்லதில்லை. நான் இப்போது வெளியே 'ப்ளீஸ்', உள்ளே 'கைண்ட்லி' என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளும் தேதியும்

என் அனுபவத்தில் காசு நஷ்டம் வருவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

தமிழில் 'வெள்ளிக்கிழமை வரை' என்பதையும் 'வெள்ளிக்கிழமைக்குள்' என்பதையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. கடை வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும். பணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டும். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் மட்டும் இந்தத் தெளிவு காணாமல் போகிறது. 'த சாம்பிள்ஸ் வில் பி சென்ட் டில் ஃப்ரைடே' என்று எழுதினால், வெள்ளிக்கிழமை வரை தினமும் சாம்பிள் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்றாகிறது. 'க்குள்' என்பதை நேராக மாற்றி 'வித்இன் ஃப்ரைடே' என்று எழுதுபவர்களும் உண்டு. அதுவும் சரியில்லை. 'வித்இன்' வந்தால் பின்னால் ஒரு கால அளவு வர வேண்டும், 'வித்இன் த்ரீ டேஸ்' என்பது போல. கெடு நாள் என்றால் 'பை ஃப்ரைடே' ஒன்றுதான். தொடர்ந்து நடப்பது என்றால் 'டில்' அல்லது 'அன்டில்'. இது யார் படிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து மாறாது, மும்பைக்கும் மான்செஸ்டருக்கும் இதே விதிதான்.

'வித்இன் த்ரீ டேஸ்', 'இன் த்ரீ டேஸ்' இரண்டும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். முதலாவது, மூன்று நாளுக்குள் எப்போது வேண்டுமானாலும். இரண்டாவதைப் படிப்பவர் மூன்றாவது நாள் கழியும்போது என்றுதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்வார். 'த கூட்ஸ் வில் நாட் ஷிப் அன்டில் ஃப்ரைடே' என்றால் சரக்கு வெள்ளிக்கிழமைதான் கிளம்பும், அதற்கு முன்னால் கிளம்பாது. இந்த எதிர்மறை அமைப்பு முதலில் குழப்பும். ஆனால் தாமதத்தைச் சொல்ல இதைவிடச் சுருக்கமான வழி ஆங்கிலத்தில் எனக்குக் கிடைக்கவில்லை.

கூட்டத்தை முன்கூட்டி வைப்பதைச் சொல்ல நம்மிடம் 'ப்ரீபோன்' இருக்கிறது. 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ப்பதமாக அளவெடுத்துத் தைத்தது போன்ற சொல். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியிலும் இருக்கிறது. இந்தியாவுக்குள் இதைவிடத் தெளிவான சொல் கிடையாது. வெளியே சிலருக்குப் புரியும், சிலர் விழிப்பார்கள். சரி, 'பிரிங் ஃபார்வர்ட்', 'மூவ் ஃபார்வர்ட்' என்று எழுதலாமே என்றால், அங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் 'மூவ்டு ஃபார்வர்ட்' ஆகியிருக்கிறது, எந்த நாள் கூட்டம் என்று லேரா போரோடிட்ஸ்கி என்ற உளவியல் ஆராய்ச்சியாளர் ஆங்கிலம் பேசுகிறவர்களிடமே கேட்டுப் பார்த்தார். ஏறக்குறையப் பாதிப்பேர் திங்கள் என்றார்கள், மீதிப்பேர் வெள்ளி என்றார்கள். தாய்மொழிக்காரர்களே இப்படிப் பிரிந்து நிற்கும்போது அந்தத் தொடரை நம்பி ஷிப்மென்ட் தேதியை எழுத முடியுமா? அதனால் நான் எல்லாத் தொடர்களையும் ஒதுக்கிவிட்டு நாளையே எழுதுகிறேன்: 'த மீட்டிங் இஸ் நவ் ஆன் மண்டே, 12 மே, இன்ஸ்டெட் ஆஃப் வெட்னஸ்டே, 14 மே'. மாதத்தை எழுத்தில் எழுதுவதும் இதற்காகத்தான். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

'டேபிள்' என்ற ஒரே சொல்லால் பிரிட்டிஷ் படைத் தலைமையும் அமெரிக்கப் படைத் தலைமையும் மோதிக்கொண்ட கதையைச் சர்ச்சில் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் வாஷிங்டனில் இருதரப்பும் கூடிப் பேசிய சமயம் அது. ஒரு குறிப்பை அவசரமாக எடுத்துப் பேச வேண்டும் என்பதற்காக அதை 'டேபிள்' செய்ய விரும்புவதாகப் பிரிட்டிஷ்காரர்கள் சொன்னார்கள். அமெரிக்க வழக்கில் 'டேபிள்' செய்வது என்றால் கிடப்பில் போடுவது. வெகுநேரம் காரசாரமாக வாதாடிய பிறகுதான் இரண்டு பேரும் ஒன்றையே கேட்கிறார்கள் என்று தெரிந்தது. ஒரே மொழிக்காரர்களுக்கே இந்த நிலை என்றால், நம் ஆங்கிலத்துக்காக நாம் கூனிக்குறுக வேண்டியதில்லை.

எங்கேயும் ஒத்துவராதவை

'டிஸ்கஸ் அபவுட்' இந்தியாவுக்குள்ளும் பிழைதான். தமிழில் 'விலையைப் பற்றிப் பேசினோம்' என்று சொல்வதால் அந்தப் 'பற்றி' கூடவே வந்துவிடுகிறது. 'வி டிஸ்கஸ்டு த ப்ரைஸ்' போதும். பெயர்ச்சொல்லான 'டிஸ்கஷன்' வந்தால் 'அபவுட்' தேவை, அதுதான் நம்மைக் குழப்புகிறது. 'கோப் அப் வித்' என்பதில் 'அப்' வேண்டாம். 'கீப் அப் வித்' என்ற இன்னொரு தொடரிலிருந்து நழுவி வந்தது அது.

'டுடே இட்செல்ஃப்', 'நவ் ஒன்லி' இரண்டும் நம் 'இன்றே', 'இப்போதுதான்' என்பவற்றின் ஆங்கில உடை. பேச்சில் இனிமையாகவே இருக்கும். எழுத்தில் 'டுடே' என்று நிறுத்தினாலே அழுத்தம் இருக்கிறது. 'ஒன்லி' வேண்டும் என்றால் இடத்தை மாற்றுங்கள். 'வி ரிசீவ்டு த ஃபேப்ரிக் டுடே ஒன்லி' என்பதைவிட 'வி ரிசீவ்டு த ஃபேப்ரிக் ஒன்லி டுடே' எல்லோருக்கும் புரியும்.

'ஒன் ஆஃப் அவர் சப்ளையர்' என்ற பிழைக்குத் தமிழே மருந்து. 'எங்கள் சப்ளையர்களில் ஒருவர்' என்று மனதில் சொல்லிப் பாருங்கள், பன்மை தானாக வருகிறது. 'ஒன் ஆஃப் அவர் சப்ளையர்ஸ் இஸ்' என்று எழுதிவிடலாம்.

மெயிலின் கடைசியில் 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எழுதும் பழக்கம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அங்கே வரும் 'டு' வினைச்சொல்லோடு சேர்ந்ததில்லை. வினைக்குப் பதிலாக 'யுவர் விசிட்' என்று ஒரு பெயரை வைத்துப் பாருங்கள், 'லுக்கிங் ஃபார்வர்ட் டு யுவர் விசிட்' சரியாக உட்காரும். அதனால் வினை வந்தால் 'மீட்டிங் யூ' என்றுதான் வர வேண்டும். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ' முறையானது, முதல் கடிதத்துக்கு ஏற்றது. 'ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்' என்றால் நெருக்கம் கொஞ்சம் கூடும்.

இணைப்பைச் சொல்ல 'ப்ளீஸ் ஃபைன்ட் அட்டாச்டு' பழையது, ஆனால் எந்த நாட்டிலும் புரியும். 'தி இன்வாய்ஸ் இஸ் அட்டாச்டு' அதைவிட நேரடியானது. 'பி.எஃப்.ஏ.' என்ற மூன்றெழுத்துச் சுருக்கத்தை நம் அலுவலகங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

கடிதத்தை முடிக்கும் சொல்லை ஆரம்பித்த சொல்தான் தீர்மானிக்கிறது. பிரிட்டிஷ் வழக்கில் 'டியர் சார்' என்று ஆரம்பித்தால் 'யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி', பெயர் சொல்லி ஆரம்பித்தால் 'யுவர்ஸ் சின்சியர்லி'. அமெரிக்கருக்கு 'சின்சியர்லி' மட்டும் போதும். அன்றாட மெயிலுக்கு 'பெஸ்ட் ரிகார்ட்ஸ்' எல்லா நாட்டுக்கும் சரி, என் மெயில்களில் முக்கால்வாசி அப்படித்தான் முடியும். வங்கி மேலாளருக்கு மட்டும் இன்னமும் 'ரெஸ்பெக்டட் சார்' என்றே தொடங்குகிறேன். 'மதிப்பிற்குரிய ஐயா' என்பதில் இருக்கும் மரியாதை 'டியர்' என்பதில் அவருக்குக் கிடைக்காது.

போன வாரம் மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்குக் கொடுக்க அவளே லீவ் லெட்டர் எழுதிக்கொண்டு வந்து, 'கடைசியில என்னப்பா போடணும்?' என்று கேட்டாள். அவளுடைய வகுப்பு ஆசிரியை எதிர்பார்ப்பது எது என்று எனக்குத் தெரியும். 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி' என்றே எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.